தாத்தாவின் பால் நோட்டுகள்: வீட்டில் வைப்பதா, படம் பிடிப்பதா, காப்பகத்துக்குக் கொடுப்பதா?

ஊர் வீட்டை இடிக்கும்போது பித்தளைப் பாத்திரத்துக்கும் தேக்குக் கதவுக்கும் பங்கு கேட்டு ஆள் வந்துவிடும். காகிதம் இருக்கும் தகரப் பெட்டிக்கு யாரும் வரமாட்டார்கள். கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கத்திலிருந்து அப்படி மிச்சமான பெட்டிகள் பெங்களூருக்கு வந்து, அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பானஸ்வாடியிலும் இரண்டு படுக்கையறை வீடுகளின் பரணில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. திறந்து பார்த்தால் பால் ஊற்றிய கணக்கு நோட்டு, சங்கத்து பாஸ்புக், சினை ஊசி அட்டை, புண்ணாக்குக் கடைச் சீட்டு, மாட்டு டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டுத்தாள், சந்தையில் மாடு பிடித்த ரசீது, இவற்றுக்கு நடுவே நாலைந்து டைரிகள்.

டைரி என்றதும் மனசில் ஓடியதை எழுதி வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ‘செவலை காலை 3, மாலை 2. தூறல். தவிடு 1 மூட்டை.’ பெரும்பாலும் இவ்வளவுதான். ஒரு நாள் வரியைத் தனியாகப் படித்தால் சப்பென்று இருக்கும். இருபது வருஷத்து வரிகளைச் சேர்த்து வைத்தால் எந்த மாடு எத்தனை ஈத்து ஈன்றது, எந்த வருஷம் தீவனத்துக்குத் திண்டாட்டம், ஜெர்சி கலப்பு எப்போது தொழுவத்துக்குள் வந்தது, பால் பணத்தில் யார் படித்தார்கள் என்று ஒரு குடும்பத்தின் வரவு செலவே எழுந்து நிற்கும். இதனால்தான் பெட்டியை அண்ணன் தம்பிகள் ஆளுக்கு ரெண்டு நோட்டு என்று பிரித்துக்கொள்வது இருக்கிற வழிகளிலேயே மோசமான வழி. நடுவில் மூன்று வருஷம் இல்லாத கணக்கில் மாட்டின் ஈத்தை எண்ணவே முடியாது.

மிச்சமிருப்பவை மூன்று: வீட்டிலேயே பாதுகாப்பது, படம் பிடித்து வைத்துக்கொள்வது, காப்பகத்தில் ஒப்படைப்பது. எதைச் செய்தாலும் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பெட்டியில் எது முதலில் போகும்?

பழசுதான் முதலில் போகும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். 1950களில் பென்சிலால் எழுதிய நோட்டு இன்னும் நன்றாகவே இருக்கும். பென்சிலின் கரி வெளுக்காது, நனைந்தாலும் ஓடாது. முதலில் போவது பெட்டியில் மேலாகக் கிடக்கும் புதிய சீட்டுகள். பால் சங்கங்களில் தானியங்கிக் கருவி வந்தபிறகு கொடுத்தார்களே, லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்), விலை எல்லாம் அச்சான சின்னச் சீட்டு, அது பல இடங்களில் தெர்மல் தாள். அதில் மையே கிடையாது. சூடு பட்டுக் கறுக்கும் ரசாயனப் பூச்சுதான். வெயில், எண்ணெய்க் கை, பிளாஸ்டிக் உறை எது பட்டாலும் சில வருஷத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோனால் அந்தச் சூட்டில் முழுத் தாளும் கறுத்துவிடும். பெட்டி வந்த அன்றைக்கே படம் பிடிக்க வேண்டியது இந்தச் சீட்டுகளைத்தான்.

அடுத்தது பாஸ்புக்கின் பிளாஸ்டிக் உறை. பி.வி.சி. உறைக்குள் இருக்கும் மென்மையாக்கி நாளாக நாளாகக் கசிந்து எழுத்தை உறையோடு ஒட்டவைக்கும். உறையைக் கழற்றுங்கள். ஒட்டியிருந்தால் பிய்க்காமல் அப்படியே படம் எடுத்துவிட்டு விடுங்கள். மூன்றாவது, பேனா மை. அந்தக் கால நீல மை தண்ணீரில் ஓடும். காப்பியிங் பென்சிலால் எழுதியது சாதாரணப் பென்சில் போலவே இருக்கும், ஈரம் பட்டதும் ஊதாவாகிப் பரவும். எது எது என்று தெரியாதவரை ஈரத் துணியை எந்தத் தாளின் பக்கமும் கொண்டுபோகாதீர்கள்.

வீட்டில் யாராவது சங்கச் செயலாளராகவோ பரிசோதகராகவோ இருந்திருந்தால் இன்னொரு விஷயம் உண்டு. கொழுப்பு பார்க்க கெர்பர் முறையில் குழாய்க்கு 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால் ஊற்றிச் சுற்றுவார்கள். மேசைமேல் இருந்த நோட்டில் அமிலம் ஒரு சொட்டு தெறித்தால் பீடி சுட்ட மாதிரி பழுப்பு ஓட்டை விழும். அந்த நோட்டுகளைத் தனியாக எடுத்து, ஓட்டை உள்ள பக்கங்களுக்கு இடையில் நல்ல வெள்ளைத் தாள் வையுங்கள். பக்கத்து நோட்டோடு நெருக்கி அடுக்க வேண்டாம்.

பால் கொட்டிய பக்கங்களும் வரும். பாலில் இருக்கும் கேசீன் புரதம் ஒரு காலத்தில் மரம் ஒட்டுவதற்கே பசையாகப் பயன்பட்டது. அதனால் பால் பட்ட தாள்கள் பலகை போல ஒட்டிக்கிடக்கும். ஆவி காட்டிப் பிரிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ஆவியில் மை ஓடிவிடும். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை உலர்ந்த நிலையிலேயே ஓரத்தில் நுழைத்துப் பாருங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஒட்டிய இரண்டு பக்கம் கிழிந்த இரண்டு பக்கத்தைவிட மேல்.

இனி வீட்டில் வைப்பது. பெங்களூர் வெயில் காகிதத்தைப் பெரிதாகக் கொல்லாது. சென்னையை ஒப்பிட்டால் இந்த ஊர் காகிதத்துக்கு நல்ல ஊர்தான். பிரச்சினை ஜூன் முதல் நவம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும் மழையும், இங்கே பரண் கட்டும் இடமும். பல வீடுகளில் பரண் குளியலறைக்கு மேலேயோ சமையலறைக்கு மேலேயோ இருக்கிறது. கீசர் ஆவியும் தாளிப்பு எண்ணெயும் மேலே போய்ச் சேரும் இடத்தில் தகரப் பெட்டி. பெட்டிக்குள் காற்று போகாது, ஈரம் மட்டும் நிற்கும். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிப் படுக்கையறை பீரோவின் நடுத்தட்டில் வைப்பதே பாதிப் பாதுகாப்பு. வெளிச்சுவரை ஒட்டிய பீரோ வேண்டாம், அடித்தட்டும் வேண்டாம். எஸ்.பி. ரோட்டில் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி கிடைக்கும். 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 65-ஐத் தாண்டிப் பல நாள் நின்றால் பூஞ்சை வரும்.

காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சி ஏற்கெனவே உள்ளே இருந்தால் மருந்து அடிக்க வேண்டாம். நோட்டுகளை நாலைந்தாக அடுக்கி, பாலிதீன் பையில் காற்றை அமுக்கி வெளியேற்றி ஒட்டி, வீட்டு ஃப்ரிட்ஜின் உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். 24 மணி நேரம் வெளியே வைத்து, பைமேல் படியும் தண்ணீர் காய்ந்தபிறகுதான் திறக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் அந்தத் தண்ணீர் தாளில் இறங்கும். கரையான் ஏறிய பெட்டியென்றால் பெட்டியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். வாசலில் வைத்துக் காகிதத்தை மட்டும் எடுத்து உதறி உள்ளே கொண்டுவாருங்கள். வசம்பும் வேப்பிலையும் நம் பாட்டிகள் நம்பிய பொருள்தான், வைக்கலாம். ஆனால் துணியில் முடிந்து ஓரத்தில் வையுங்கள். இலை நேராகத் தாளில் பட்டால் கறை பிடிக்கும். அந்துருண்டை வேண்டாம், வாசனை காகிதத்தைவிட்டுப் போகவே போகாது.

துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்ளர் முள் எல்லாவற்றையும் எடுங்கள். எடுத்த இடத்தில் எந்தத் தாளோடு எந்தத் தாள் குத்தப்பட்டிருந்தது என்று பென்சிலால் குறித்த உறையில் சேர்த்து வையுங்கள். புண்ணாக்குக் கடைச் சீட்டு எந்த மாசத்துப் பால் கணக்கோடு குத்தப்பட்டிருந்தது என்பதே ஒரு தகவல். செலோடேப் ஒட்டாதீர்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிய்க்கவும் வேண்டாம்.

வீட்டில் வைப்பதன் நல்ல பக்கம், காகிதம் குடும்பத்தின் கையிலேயே இருக்கும், செலவும் குறைவு. கெட்ட பக்கம், அது ஒரு ஆளை நம்பி இருக்கும். அந்த ஆள் வீடு மாற்றும்போது, பேக்கர்ஸ் வண்டி கீழே நின்று ஹாரன் அடிக்கும்போது, ‘இந்தப் பழைய பேப்பரை என்ன பண்றது?’ என்ற கேள்வி வரும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் மூலப் பிரதியை மட்டும் நம்பி வீட்டில் வைப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

படம் பிடிப்பதற்கு வருவோம். கடையில் கொடுக்கலாம், தட்டை ஸ்கேனர் வாங்கலாம், கையில் இருக்கும் செல்போனே போதுமா என்று பார்க்கலாம். கணக்குப் போட்டால் போதும் என்றே தெரிகிறது. 12 மெகாபிக்சல் படம் சுமார் 4000-க்கு 3000 புள்ளி. ஏ4 தாளின் நீளம் 11.7 அங்குலம். தாள் சட்டத்தை முழுக்க நிறைத்தால் அங்குலத்துக்கு 340 புள்ளி வருகிறது. கையெழுத்துக்கு 300 போதும். ஆனால் நோட்டை விரித்து இரண்டு பக்கத்தையும் ஒரே படத்தில் அடக்கினால் 240-க்கு இறங்கிவிடும், மங்கிய பென்சில் எழுத்து அங்கே தொலைந்துபோகும். ஒரு பக்கம் ஒரு படம், சோம்பேறித்தனம் வேண்டாம். நீள வாக்கில் மடித்த பேரேட்டு நோட்டு ஏ4-ஐவிட நீளமாக இருக்கும். அதை மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டு படமாக, நடுவில் நாலு வரி இரண்டிலும் வரும்படி எடுங்கள்.

செல்போனில் ‘ஸ்கேன்’ செய்யும் செயலிகளை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அவை தாளை வெள்ளையாக்கி எழுத்தைக் கறுப்பாக்கும் ஆசையில் மங்கிய பென்சில் கோட்டை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். சாதாரணக் கேமராவில், வண்ணத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். இரண்டு பக்கத்திலும் 45 டிகிரி சாய்வில் ஒரே மாதிரி எல்.இ.டி. விளக்கு, செல்போன் கையில் இல்லாமல் தாங்கியில், தாளின் ஓரத்தில் ஒரு சின்ன அளவுகோல். எழுத்தே தெரியாத பக்கத்துக்கு ஒரு விளக்கை அணைத்து, இன்னொன்றைத் தாளின் மட்டத்துக்குக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து வெளிச்சம் பாய்ச்சினால் பென்சில் அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும். அந்தப் படத்தையும் சேர்த்து வையுங்கள்.

தட்டை ஸ்கேனரில் தரம் சீராக வரும். ஆனால் தைத்த நோட்டைக் கவிழ்த்து அமுக்கினால் முதுகு பிளக்கும். தனித்தாள், அட்டை, ரசீதுக்கு ஸ்கேனர், நோட்டுக்குக் கேமரா. கடையில் கொடுப்பதென்றால் தாளை உறிஞ்சி இழுக்கும் ஸ்கேனரில் போடக்கூடாது, நோட்டைப் பிரிக்கக்கூடாது, வண்ணத்தில் 300-க்குக் குறையாமல் வேண்டும், கோப்பைச் சுருக்கி பி.டி.எஃப். மட்டும் தரக்கூடாது என்று எழுதியே கொடுங்கள். பட்டா, சிட்டா, கிரயப் பத்திரம் பெட்டியில் கலந்து கிடக்கும். அவற்றைப் பொறுக்கி எடுத்தபிறகுதான் பெட்டி வீட்டைவிட்டுப் போக வேண்டும்.

இடம் எவ்வளவு பிடிக்கும்? 12 மெகாபிக்சல் படத்தைச் சுருக்காமல் டிஃப் கோப்பாக வைத்தால் ஒன்று 36 எம்.பி.; 2000 பக்கத்துக்கு 72 ஜி.பி. நல்ல தர ஜே.பெக் என்றால் 10 ஜி.பி. சுற்றி முடிந்துவிடும். குடும்பத்துக்கு ஜே.பெக் போதும், அதைத் திரும்பத் திரும்பத் திருத்திச் சேமிக்காமல் இருந்தால். பிரதி மூன்று: ஒன்று வீட்டு ஹார்டு டிஸ்க், ஒன்று இணையச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம். பெயரை ‘தாத்தா டைரி புதுசு’ என்று வைக்காதீர்கள். நோட்டு எண், வருஷம், பக்கம் என்று 07_1962_034 போல வைத்தால் பத்து வருஷம் கழித்து வரும் ஆளுக்கும் புரியும்.

ஆனால் படம் பிடித்து முடித்தவுடன் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் பெங்களூர்க் குடும்பங்கள் ஏமாறுகின்றன. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்குப் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் இந்தியும்தான். தமிழ் பேசுவார்கள், அச்சுத் தமிழைத் தட்டுத் தடுமாறி வாசிப்பார்கள். புள்ளி வைக்காத, காலும் கொம்பும் ஒட்டிய தாத்தாவின் கையெழுத்து அவர்களுக்கு வெறும் கோடு. அச்சுத் தமிழைக் கணினி இப்போது நன்றாகவே படிக்கிறது. இந்த மாதிரிக் கையெழுத்துக்கு இன்னும் ஆள்தான் வேண்டும். நோட்டு இன்னும் ஐம்பது வருஷம் தாங்கும். அதைப் படித்து ‘செவலை என்றால் ஓசூர் சந்தையில் பிடித்த மாடு, நெத்தியில் சுட்டி இருக்கும்’ என்று சொல்லக்கூடிய அத்தை எத்தனை வருஷம் என்று யாருக்கும் தெரியாது. மூன்று வழியில் எதைத் தேர்ந்தாலும் இந்த வாசிப்பை முதலில் செய்தாக வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

வாசிக்கும்போது நான்கு இடத்தில் தடுக்கும். ஒன்று, குறியீடு. பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி, அதன் கீழ் பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵. இவையெல்லாம் யூனிகோடில் இருப்பதால் அப்படியே தட்டச்சு செய்யலாம். மா, காணி, முந்திரி போன்ற பழைய பின்னக் குறிகளும் 2019-ல் யூனிகோடில் சேர்ந்தன. காட்டும் எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டால் ‘மா’ என்று எழுத்தில் எழுதிவிடுங்கள், குறியை விட்டுவிடாதீர்கள்.

இரண்டு, வருஷம். ‘பிலவ வருஷம் மாசி’ என்று மட்டும் இருந்தால் அது 1901-02 ஆகவும் இருக்கலாம், 1961-62 ஆகவும் இருக்கலாம். அறுபது வருஷச் சுற்று அப்படி. காசைப் பாருங்கள். அணாவும் பைசாவும் கலந்திருந்தால் 1957 ஏப்ரல் 1-ஐ ஒட்டிய காலம், அன்றுதான் ரூபாய் நூறு நயா பைசாவாக ஆனது. ‘ந.பை.’ என்று இருந்தால் அதற்கடுத்த சில வருஷங்கள். 1964-ல் ‘நயா’ போய்விட்டது.

மூன்று, அளவு. பழைய நோட்டில் பால் படியிலும் உழக்கிலும் ஆழாக்கிலும் இருக்கும். எட்டு ஆழாக்கு ஒரு படி, நாலு உழக்கு ஒரு படி என்பது எல்லா ஊருக்கும் பொது. ஆனால் படி ஊருக்கு ஊர் வேறு. பட்டணம் படி ஒன்று, உள்ளூர் சின்னப்படி ஒன்று. இணையத்தில் கிடைக்கும் மாற்று அட்டவணையை வைத்து லிட்டராக்கினால் கணக்கு முழுதும் தப்பாகும். லிட்டருக்கு மாறிய காலத்து நோட்டைத் தேடுங்கள். ஒரு பத்து நாளாவது இரண்டு அளவும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். அதிலிருந்து உங்கள் தாத்தாவின் படி எத்தனை லிட்டர் என்று நீங்களே எடுக்கலாம். எழுத்துப் பிரதியில் மூல அளவு ஒரு நெடுவரிசையில், மாற்றிய லிட்டர் அடுத்த நெடுவரிசையில். மூலத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

நான்கு, தேதி இல்லாத தாள். இங்கே மாடே உதவிக்கு வரும். பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். ‘செவலைக்கு தை 8 ஊசி’ என்று டைரியில் ஒரு வரி, தேதியே இல்லாத உதிரித் தாளில் ‘செவலை கெடேரி போட்டது, மழை விடலை’ என்று ஒரு வரி இருக்கிறதென்று வையுங்கள். தை 8 என்பது ஜனவரி 21 வாக்கில். 280 நாள் கூட்டினால் அக்டோபர் 28, அதாவது ஐப்பசி 11 சுற்றி. ஐப்பசி மழையும் ஒத்துப்போகிறது. உதிரித் தாள் தன் வருஷத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. எருமையென்றால் 310 நாள் வையுங்கள். கணக்கு இருபது நாளுக்குமேல் தள்ளிப்போனால் அந்த ஊசி நிற்கவில்லை, அடுத்த பருவத்தில் காளைக்கு விட்டதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஜோசியம் இல்லை, எழுதியவரின் பழக்கம் தெரிந்துவிட்டால் ஊகம் பெரும்பாலும் சரியாக வரும்.

நோயின் பெயரைத் திருத்தாதீர்கள். கோமாரி, சப்பை, தொண்டை அடைப்பான், வெக்கை என்று எழுதியிருப்பதை அப்படியே எழுதுங்கள். வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று 2011-ல் அறிவித்துவிட்டார்கள். அந்த நோய்க்கு ஊசி போட்ட நாளையும் செத்த மாட்டின் பெயரையும் எழுதிய கிராமத்து நோட்டு இனிமேல் யாராலும் புதிதாக எழுத முடியாத ஒன்று. ‘கண்ணு’ என்பதைக் ‘கன்று’ ஆக்குவதும் வேண்டாம். வடாற்காட்டுப் பேச்சா கொங்குப் பேச்சா என்று சொல்வதே அந்த எழுத்துதான்.

காப்பகத்துக்குக் கொடுப்பது மூன்றாவது வழி. நிறையப் பேர் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள், நாங்கள் கடைசியில் வைக்கிறோம். ஏனென்றால் எந்தக் காப்பகமும் பட்டியல் இல்லாத பெட்டியை ஆசையோடு வாங்கிக்கொள்வதில்லை. எத்தனை நோட்டு, எந்த வருஷம், யார் எழுதியது, எந்த ஊர் என்று ஒரு பக்கப் பட்டியலோடு போனால் பேச்சே வேறு. அந்தப் பட்டியல் மேலே சொன்ன வேலையைச் செய்தால் தானாக வந்துவிடும்.

நூலகம் வேறு, ஆவணக் காப்பகம் வேறு. அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் உண்டு. தட்டச்சு செய்து புத்தகமாக்கிய பிரதியை அப்படிப்பட்ட நூலகத்துக்குக் கொடுப்பது பொருத்தம், மூல நோட்டை அல்ல. சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994-ல் தொடங்கியது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த சேகரிப்பிலிருந்து வளர்ந்த இடம், தமிழ்க் காகிதத்தின் அருமை தெரிந்த இடம். ஆனால் அதன் பலம் அச்சு நூலும் இதழும். பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஆவணக் காப்பகம் அறிவியல் வரலாற்றைச் சேர்ப்பது. கலப்பினம், சினை ஊசி, பால் பரிசோதனை பற்றிய நோட்டு என்றால் கேட்டுப் பார்க்கலாம். வெறும் வீட்டுக் கணக்கு என்றால் அங்கே பொருந்துவது கடினம். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இங்கே கர்நாடக மாநில ஆவணக் காப்பகமும் முதன்மையாக அரசுப் பதிவேடுகளுக்கானவை. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்கள் திட்டம் 2004 முதல் நடக்கிறது. அதில் மூலம் நாட்டைவிட்டுப் போகாது, படம் மட்டுமே போகும். ஆனால் ஒரு வீட்டுப் பெட்டிக்காக அது வராது. ஒரு வட்டாரத்துக் குடும்பங்கள் பல சேர்ந்து, ஒரு நிறுவனத்தின் வழியாகக் கேட்டால்தான் வழி.

இந்த ஊருக்கு மட்டும் உள்ள ஒரு விசேஷத்தையும் சொல்ல வேண்டும். ஆடுகோடியில் இருக்கும் தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் 1923-ல் இம்பீரியல் நிறுவனமாகத் தொடங்கியது. 1955-ல் தலைமையகம் கர்னாலுக்குப் போனது. 1927-ல் பெங்களூரில் ஓய்வெடுக்க வந்த காந்தி அங்கே மாடு வளர்ப்புப் பாடம் கேட்டார். உங்கள் குடும்பத்தில் யாராவது அங்கே வேலை பார்த்திருந்தால், பயிற்சி எடுத்திருந்தால், அல்லது ஓசூர் பக்கத்து மத்திகிரி மாட்டுப் பண்ணையிலிருந்து பொலிகாளை வாங்கியிருந்தால் அந்தத் தாள்களைத் தனி உறையில் போட்டுப் பட்டியலின் தலையில் எழுதுங்கள். கிராமத்து நோட்டையும் நிறுவனத்தின் வரலாற்றையும் சேர்க்கும் கண்ணி அதுதான், காப்பகத்தின் கண்ணும் அங்கேதான் விழும்.

கொடுப்பதானால் வாய்ப்பேச்சில் கொடுக்காதீர்கள். அன்பளிப்புப் பத்திரத்தில் நாலு விஷயம் இருக்க வேண்டும்: சொத்துரிமை யாருக்கு, காப்புரிமை (காப்பிரைட்) யாருக்கு, எந்தப் பகுதியை எத்தனை வருஷம் மூடி வைக்க வேண்டும், வேண்டாத தாளை அவர்கள் தூக்கிப்போடும் முன் குடும்பத்தைக் கேட்பார்களா. காகிதம் உங்களிடம் இருப்பதால் எழுத்தும் உங்களுடையது ஆகிவிடாது. 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி டைரியின் உரிமை எழுதியவரின் வாரிசுகள் அனைவருக்கும் உண்டு. பெட்டியில் இருக்கும் கடிதத்தின் உரிமை அதைப் பெற்ற தாத்தாவுக்கு இல்லை, எழுதி அனுப்பியவர் வழியினருக்கு. ஆகவே அத்தை பிள்ளைகளிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

கடன் வாங்கியவர் பெயர், சாதி சொல்லித் திட்டிய வரி, பங்காளிச் சண்டை எல்லாம் பால் கணக்கின் ஓரத்தில்தான் எழுதியிருக்கும். அந்தப் பெயர்க்காரர்களின் பேரன்கள் அதே ஊரில் இருக்கிறார்கள். இணையத்தில் மொத்தமாக ஏற்றுவதற்கு முன் இதை யோசியுங்கள். கிழிக்க வேண்டாம், மை பூச வேண்டாம். அந்தப் பக்கத்தைப் பொதுப் பிரதியில் விட்டுவிட்டு மூலத்தில் வைத்தால் போதும்.

இணையத்தில் போட்டுவிட்டோம், இனி அழியாது என்ற நம்பிக்கையும் வேண்டாம். பிரிட்டிஷ் நூலகத்தை 2023 அக்டோபரில் கணினித் தாக்குதல் முடக்கியது. மறு வருஷம் அதே மாதம் இன்டர்நெட் ஆர்க்கைவும் தாக்கப்பட்டு சில நாள் மூடிக் கிடந்தது. அவ்வளவு பெரிய இடங்களுக்கே அந்த நிலை.

எங்கள் தீர்ப்பு இது. சொந்த வீடு, காகிதத்தில் அக்கறை உள்ள ஒருவர், தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு வாரிசு, இந்த மூன்றும் இருந்தால் மூலம் வீட்டில் இருக்கட்டும், படம் மூன்று இடத்தில் இருக்கட்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும், குறிப்பாக அடுத்த தலைமுறைக்குத் தமிழ் எழுத்து தெரியாவிட்டால், வாசிப்பை முடித்துவிட்டு மூலத்தைக் காப்பகத்துக்குக் கொடுங்கள். ஒரு நோட்டு மட்டும் நினைவுக்கு வைத்துக்கொள்கிறோம் என்று தொடரை உடைக்காதீர்கள். நினைவுக்கு வேண்டுமானால் கறவைச் செம்பையோ மாட்டு மணியையோ வைத்துக்கொள்ளுங்கள். புத்தகமாகப் போடுவது இந்த வழிகளுக்கு மாற்று அல்ல. புத்தகத்தில் ருசியான பக்கங்கள்தான் ஏறும், ‘காலை 3, மாலை 2’ ஏறாது.

வாசிக்க உட்காரும்போது ஒரு நாளைக்கு இருபது பக்கத்துக்குமேல் போகாதீர்கள். செல்போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் முன் கோப்பு எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் பெரியவரைப் படிக்கவிடுங்கள். நடுவில் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம். வருஷத்தைக் கேட்டால் ‘அதெல்லாம் எங்கே ஞாபகம்’ என்பார்கள். ‘அப்போ தொழுவத்துல என்னென்ன மாடு இருந்துச்சு?’ என்று கேளுங்கள். பெட்டியின் அடியில் விரித்திருக்கும் பழைய செய்தித்தாளைத் தூக்கிப் போடும் முன் அதன் தேதியையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக யார் எப்போது அந்தப் பெட்டியை அடுக்கினார்கள் என்பதற்கு வேறு சாட்சி இருக்காது.